ஏரிக்கரை ஏர்போர்ட்!

இந்த ஏர்போர்ட்டில் ரன்வே உண்டு. ஆனால், முந்தின நாள் ஆடுகள் போட்டுவிட்டுப் போன புழுக்கையைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினால்தான் ஃப்ளைட் இறங்க முடியும். காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு காட்ட ஒரு துணிக்குழாய் உண்டு. யாரோட பழைய பேன்ட் காலையோ வெட்டி, மூங்கில் கழியில் கட்டியிருக்கிறார்கள். கன்ட்ரோல் டவரும் உண்டு. ஒரு வேப்பமரம், அதன் கீழே கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் சேர். செக்யூரிட்டி செக்? அதுதான் பாஸ் மேட்டரே! மீனம்பாக்கத்தில்கூட பெல்ட்டைக் கழட்டிக் காட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள். இங்கே உங்க ப்ளேனோட மூக்கைப் பிடிச்சு ஒரு இழு இழுப்பாங்க. மூக்கு கையோடு வந்துட்டா, அன்னிக்கு ஃப்ளைட் கேன்சல்.

செங்கல்பட்டு தாண்டி, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஓர் ஏரி. ஊர்ப் பேரைப் போடாதீங்கன்னு கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் சேர்ந்தால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்களாம். மழை வந்து ஏரி நிரம்பினால் ஏர்போர்ட்டுக்கு லீவு. மார்ச்சில் தண்ணி வத்தினதும் மறுபடி திறப்பு விழா. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பத்துப் பதினைந்து பேர் ரிமோட் விமானங்களோடு வந்து இறங்குவார்கள். ஸ்கூல் பையன், பேங்க் மேனேஜர், ரிட்டயர்டு ஆசாமிகள், நம்மள மாதிரி பாக்கெட்டில் பத்து ரூபா இல்லாத இன்ஜினீயரிங் பசங்க எல்லாரும் உண்டு. 2021 ட்ரோன் விதிகள்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரைக்கும் பறக்கவிட முன் அனுமதி தேவையில்லை. அந்த மேப்பைப் பார்த்துத்தான் இந்த ஏரியையே பிடித்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் எல்லாரும் படு ஸ்ட்ரிக்ட்.

நாங்க நாலு பேர். மெக்கானிக்கல், மூணாவது வருஷம், ஒரே ஹாஸ்டல் ரூம். மெஸ் பில் போக மிச்சம் பிடித்து, ஆளுக்கு ரெண்டாயிரம் போட்டு வாங்கியது ஒரு ஏ.ஆர்.எஃப். ப்ளேன். அதை ஏரிக்குக் கொண்டுபோன கதைதான் இது. நடுவில் கொஞ்சம் பசை, கொஞ்சம் மரம், கொஞ்சம் எஸ்.ஓ.எம். பேப்பர் எல்லாம் வரும். பயந்து பக்கத்தைத் திருப்பிடாதீங்க!

ரிமோட் ப்ளேன்களில் மூணு ரகம். முதல் ரகம், கிட். குச்சி குச்சியா மரம் வரும், ஒரு வரைபடம் வரும். ரெண்டு மூணு மாசம் உட்கார்ந்து நீங்களே ஒட்டிக் கட்டணும். நம்ம அப்பாக்கள் காலத்தில் மாடல் விமானம் என்றாலே இதுதான். கடைசி ரகம், ஆர்.டி.எஃப். 'ரெடி டு ஃப்ளை'. பேட்டரியைச் சார்ஜ் போட்டா பறக்கலாம். நடுவில் இருப்பது ஏ.ஆர்.எஃப். 'ஆல்மோஸ்ட் ரெடி டு ஃப்ளை'. இறக்கை, உடம்பு, வால் எல்லாம் ஃபேக்டரியிலேயே கட்டி, பளபளன்னு கலர் ஃபிலிம் ஒட்டி வந்துடும். மோட்டார், சர்வோ, ரிசீவர் மட்டும் நாம மாட்டினா போதும். ஒரு சாயங்காலம் போதும்னு பெட்டி மேலயே போட்டிருக்கும்.

பிரச்னை அந்த 'ஆல்மோஸ்ட்'டில்தான். 'கிட்டத்தட்ட பாஸ்'னு நம்ம செமஸ்டர் ரிசல்ட்டை வீட்டில் சொன்னா ஒத்துப்பாங்களா? அரியர்னுதானே சொல்லுவாங்க!

பெட்டி கூரியரில் வந்தது. அனுப்பியவர் பேர் இங்கே வேண்டாம், பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிட்ட ஒரு வியாபாரி. மோட்டாரும் பேட்டரியும் வாங்கப் போனது நம்ம ரிச்சி ஸ்ட்ரீட். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தா ஏழெட்டு நிமிஷம். சனிக்கிழமை மதியம் அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சவங்களுக்குத் தெரியும். நடக்கவே வேண்டாம், கூட்டமே நம்மளைத் தூக்கிட்டுப் போய் வேற கடை வாசலில் இறக்கி விட்டுடும். லேப்டாப் சார்ஜர், சி.சி.டி.வி., ஸ்பீக்கர் எல்லாத்தையும் தாண்டி, ரெண்டு ஆள் எதிர் எதிரே வந்தா ஒருத்தர் மூச்சை உள்ளே இழுத்துக்கிற மாடிப்படி. மேலே பத்துக்குப் பத்து ரூமில் மோட்டார், ஸ்பீட் கன்ட்ரோலர், லித்தியம் பேட்டரி, ஒன்பது கிராம் சர்வோ எல்லாம் கூறு கட்டி வச்ச மாதிரி குவிஞ்சு கிடக்கு. 2018-ல் எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அஜித் ஆலோசகரா வந்தாரே, அந்தச் செய்தி வந்த வருஷம் காலேஜ் பசங்க கூட்டம் தாங்கலைன்னு கடைக்காரர் சொன்னார். பாதிப் பேர் படத்தைப் பத்திக் கேட்டுட்டுப் போயிட்டாங்களாம்!

"2022 பிப்ரவரியில ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்துது தம்பி. உதிரி பாகத்துக்குத் தடை கிடையாது. அதான் இதெல்லாம் ஓடிட்டிருக்கு" என்றார். சரி, மோட்டார் இல்லாத வெறும் மரக்கூடு எந்தக் கணக்கில் வரும்னு கேட்டோம். "அதைக் கஸ்டம்ஸைத்தான் கேக்கணும்" என்று சிரித்துவிட்டு, சர்வோவை எண்ணி எண்ணிக் கவரில் போட்டார்.

அந்த மரக்கூடு எங்கே இருந்து வருதுங்கறது தனிக் கதை. உலகத்துக்கே பால்சா மரத்தைப் பெரும்பகுதி அனுப்புறது தென் அமெரிக்காவில் இருக்கிற ஈக்வடார். நட்டு அஞ்சாறு வருஷத்தில் வெட்டிடலாம், முருங்கை மாதிரி மளமளன்னு வளரும். ஒரு கன மீட்டர் பால்சா சராசரியா 160 கிலோதான். தேக்கு 650 கிலோ பக்கம் வரும். நகத்தால் கீறினா பள்ளம் விழும். ஆனா தாவரவியல் வகைப்பாட்டில் அது 'வன்மரம்'! (பேர் வச்சவங்க யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்.) இதே பால்சாவைக் காத்தாடி மின் உற்பத்தி இறக்கைகளுக்குள்ளேயும் வைப்பாங்க. 2019, 2020-ல் சீனாவில் காத்தாலைகளை வேக வேகமா நட்டப்ப, ஈக்வடார் பால்சா விலை எகிறிப்போச்சு. ப்ளேன் விளையாடுறவங்க தலையில்தான் அதுவும் விடிஞ்சுது. ஈக்வடார் மரம், சீனாவுக்கோ வியட்நாமுக்கோ கப்பலில் போய் ப்ளேனாகிறது. ஹோ சி மின் நகரத்துப் பக்கம் இதுக்குன்னே பேர் பெற்ற தொழிற்கூடங்கள் இருக்கு. அங்கேயிருந்து மறுபடி கப்பல் ஏறி, கடைசியில் நம்ம ஹாஸ்டல் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிற பெட்டியா வந்து சேருது.

நம்ம பெட்டியைத் திறந்தப்போ... சும்மா சொல்லக்கூடாது, அசந்துட்டோம். சிவப்பு, வெள்ளை, நீலம். ஒரு மீட்டர் நாற்பது சென்ட்டிமீட்டர் இறக்கை. ஃபிலிமில் ஒரு குமிழ் இல்லை. இந்த ஃபிலிமை மெஷின் ஒட்டாது. யாரோ ஒருத்தர் சின்ன அயர்ன் பாக்ஸை வச்சு, ஓரம் ஓரமா தேய்ச்சு ஒட்டணும். அந்தக் கைக்கு ஒரு சல்யூட் போட்டுட்டு, ஒரே ராத்திரியில் மோட்டார், சர்வோ எல்லாம் மாட்டி முடிச்சோம்.

ஞாயிறு விடியற்காலை, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு லோக்கல். ஒரு மீட்டருக்கு மேல நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறிப் பாருங்க, நீங்கதான் அன்னிக்கு ஹீரோ. "கீபோர்டா தம்பி? கச்சேரியா?"ன்னு ஒருத்தர். பூக்கூடையோட உட்கார்ந்திருந்த அம்மா, "டி.வி.யை ஏன்டா நிக்க வெச்சுக் கொண்டுபோறீங்க, உடைஞ்சிடப் போவுது"ன்னு திட்டினாங்க. ப்ளேன்னு சொன்னதும் கம்பார்ட்மென்ட்டே எட்டிப் பார்த்தது. "ஆள் ஏறலாமா?"ங்கற கேள்வி மறைமலைநகருக்குள்ள மூணு தடவை வந்துடுச்சு. பரனூர் தாண்டினதும் வலது இடது பார்க்காம எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. கொளவாய் ஏரி. கோடையிலும் தண்ணி தளும்புற ஏரி அது. விடியற வெளிச்சத்தில் தகதகன்னு நின்னுது. நாங்க தேடிப்போனது தண்ணி இல்லாத ஏரிங்கறதுதான் காமெடி. ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, அப்புறம் ஷேர் ஆட்டோ. கடைசி ஒரு கிலோமீட்டர் கரை மேல நடை. கருவேல முள்ளு பெட்டியைக் கிழிக்காம, சாமி புறப்பாடு மாதிரி தலைக்கு மேல தூக்கிட்டுப் போனோம்.

அங்கேதான் 'சார்' இருந்தார். எல்லாரும் அவரை சார்னுதான் கூப்பிடறாங்க. ஆனா வாத்தியார் இல்லை. ஃபிட்டரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷமா ப்ளேன் கட்டுறார். அந்த உடைஞ்ச சேர் அவருடையது. பக்கத்தில் பத்து வயசுப் பையன் ஒருத்தன். பாட்டி மேய்க்கிற ஆடுகளுக்கு அவன்தான் அசிஸ்டென்ட். ஆடு ரன்வே பக்கம் வந்தா, "ஆடு வருதேய்!"ன்னு கத்துவான். உடனே எல்லா ப்ளேனும் உசரத்துக்குப் போயிடணும். ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்!

சார் எங்க ப்ளேனைக் கையில் வாங்கினார். கலரைப் பார்க்கவே இல்லை. தலைகீழாத் திருப்பி, பேட்டரி மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சை உள்ளே அடிச்சார். "தம்பி, இங்க எட்டிப் பாரு" என்றார்.

மோட்டாரைத் தாங்குற பலகைக்கு 'ஃபயர்வால்'னு பேர். ப்ளேனோட மூக்கில் குறுக்கே நிக்கிற சின்ன ப்ளைவுட் சதுரம். மொத்த விமானத்தையும் முன்னால இழுக்கிறது மோட்டார். அந்த மோட்டாருக்கும் விமானத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே சொந்தம் இந்தப் பலகைதான். எங்க ப்ளேனில் அது நாலு மூலையிலும் நாலு சொட்டு வெள்ளைப் பசையில் நின்னுட்டிருந்தது. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு சார்ட்டில் தெர்மாகோல் ஒட்டுவோமே, அந்தத் துப்பாக்கிப் பசை. ஹாட் க்ளூ.

சார் பையிலிருந்து ஒரு டிஜிட்டல் தராசை எடுத்தார். ஏர்போர்ட்டுக்குப் போறவங்க சூட்கேஸை எடை போட வச்சிருப்பாங்களே, அதேதான். கொக்கியை மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டினார். "இந்த மோட்டார் ஒரு கிலோவுக்கு மேல இழுக்கும். பறக்கும்போது ஆட்டம், அதிர்ச்சி, இறங்கும்போது இடி எல்லாம் இருக்கு. எனக்குப் பத்து மடங்கு தாங்கணும்." ஒரு ஆள் வாலைப் பிடிச்சுக்க, மெதுவா இழுத்தார். ரெண்டு கிலோ. மூணு. நாலு கிலோ தாண்டினப்போ, பழைய ரப்பர் செருப்பு பிய்யுற சத்தத்தில் மூக்கு முழுசா கையில் வந்துடுச்சு. பசை பலகையோட ஒரு இழை மரத்தைக்கூடப் பிய்ச்சுட்டு வரலை. வழவழன்னு, அச்சு எடுத்த மாதிரி கழண்டு நின்னுது.

இங்கேதான் கொஞ்சம் எஸ்.ஓ.எம். நல்ல பசை மூட்டு உடையும்போது பசை உடையாது, பக்கத்து மரம் கிழியும். பசை மரத்துக்குள்ள ஊறியிருக்குன்னு அர்த்தம். எபாக்ஸி அப்படி ஊறும். ஆனா காய நேரம் எடுக்கும். க்ளாம்ப் போட்டு, ராத்திரி முழுக்க விடணும். ஹாட் க்ளூ அரை நிமிஷத்தில் இறுகிடும். ஆனா மேலாக உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே போகாது. போதாக்குறைக்கு அதுக்கு வெயில் ஆகாது. கப்பல் கன்டெய்னர், கோடவுன், கூரியர் வேன்... நம்ம ஊர் மே மாசத்தில் மூடின வண்டிக்குள்ள 60 டிகிரி சர்வ சாதாரணம். அந்தச் சூட்டிலேயே இந்தப் பசை இளக ஆரம்பிச்சிடும். பெட்டிக்குள்ள படுத்துட்டே ப்ளேன் பாதி பிரிஞ்சுட்டு வந்திருக்கு!

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. எட்டாயிரம் ரூபா ப்ளேனையும் முப்பதாயிரம் ரூபா ப்ளேனையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தேன். (முப்பதாயிரம் பேங்க் மேனேஜருடையது. தொடறதுக்கு முன்னால கையைக் கழுவச் சொன்னார்!) மரத்தை வெட்டின விதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ரெண்டுமே லேசர். லேசருக்கு இது சீப் ப்ளேன், இது காஸ்ட்லி ப்ளேன்னு பாகுபாடு தெரியாது. வரைபடத்தில் இருக்கிறதை அப்படியே வெட்டித் தள்ளும். வெளி ஃபிலிமும் ரெண்டிலும் நல்லாவே இருக்கு, ஏன்னா அதுதான் விளம்பர போட்டோவில் தெரியப்போகுது. வித்தியாசம் முழுக்க உள்ளே, வெளிச்சம் படாத இடத்தில், பசை காயறதுக்காகக் காத்திருக்கணுமே அந்த நேரத்தில் இருக்கு. மரத்தில் மிச்சம் பிடிச்சா போட்டோவில் தெரிஞ்சிடும். நேரத்தில் மிச்சம் பிடிச்சா தெரியாது. விலை குறையறது அங்கேதான்.

சார் மேலே போனார். எலிவேட்டர், எலிரான், ரட்டர். இறக்கையிலும் வாலிலும் ஆடுற மடிப்புகள். ஒவ்வொன்றையும் துணி மாதிரி இருக்கிற சின்னப் பட்டைகளால் கீல் போட்டிருந்தாங்க. பிடிச்சு இழுத்தார். எலிவேட்டரின் மூணு கீலில் ஒண்ணு நழுவி வந்தது. அதில் பசையே படலை. "மூக்கு போனா ப்ளேன் போகும். எலிவேட்டர் போனா ப்ளேன் எங்க போகும்னே தெரியாது" என்றார். அடுத்து சக்கரக் கம்பி. அது பிடிச்சிருந்த ப்ளைவுட் கட்டை ரெண்டு ஓரத்தில் மட்டும் ஒட்டி, நடுவில் காத்தாட நின்னுது. இறக்கையின் ஒரு பாதி லேசா முறுக்கிக்கிட்டு இருந்தது. மரம் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். ஃபிலிம் ஒரு பக்கம் டைட்டா இழுத்தா இறக்கை அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும். அதுவா ஒரு பக்கமே திரும்பிட்டுப் போற ப்ளேன்களோட ரகசியம் பெரும்பாலும் இதுதானாம்.

நாங்க கொஞ்சம் முனகினோம். இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கோம், ஒரே ஒரு ரவுண்டு, மெதுவா... சார் திட்டலை. வேப்பமரத்தடியைக் காட்டினார். "அந்தப் பையன் உக்காந்திருக்கான்ல? அவன் தலைக்கு மேலதான் நீ ப்ளேனைத் திருப்பப் போற."

எங்க ப்ரொப்பெல்லர் பத்து அங்குலம். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்துன்னு வச்சு நீங்களே கணக்குப் போடுங்க, நுனியின் வேகம் மணிக்கு 380 கிலோமீட்டர் பக்கம் வருது. முனகல் நின்னுடுச்சு.

அன்னிக்கே இன்னொரு கூத்தும் நடந்தது. காஞ்சிபுரம் பக்கத்துக் காலேஜ் பசங்க மூணு பேர் வந்திருந்தாங்க. எங்க பெட்டியேதான், கலர் மட்டும் மஞ்சள். அவங்க மூக்கை இழுத்துப் பார்க்க விடலை. "புதுசு சார், ஓட்டியே காட்டுறோம்" என்றார்கள். சரின்னு சார் வாலை ஒரு கயிற்றால் மரத்தில் கட்டி, எல்லாரையும் பின்னால் நிக்க வச்சு, ஃபுல் த்ராட்டில் கொடுக்கச் சொன்னார். ஒன்பது, பத்து எண்ணியிருப்போம். மோட்டார் பலகையோட பிய்ச்சுக்கிட்டு முன்னால தாவி, ஒயரில் தொங்கி, அப்படியே திரும்பித் தன்னோட மூக்கையே கடிச்சுத் தின்ன ஆரம்பிச்சுது. மஞ்சள் ஃபிலிமும் பால்சாத் தூளும் ஹோலி மாதிரி பறந்தது. பேட்டரியைப் பிடுங்குற வரைக்கும் யாரும் மூச்சு விடலை. இது 100 அடி உயரத்தில் நடந்திருந்தா... பையன் சேரை விட்டு எழுந்து, மரத்துக்குப் பின்னால போய் நின்னுட்டான்.

"அப்ப ஃபோம் ப்ளேன் வாங்கிடலாமே"ன்னு உங்களில் யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்விதான். இ.பி.ஓ. ஃபோமில் வார்த்தெடுத்த ப்ளேன்கள் அங்கே அஞ்சாறு இருந்தது. ஒட்டு வேலை குறைவு, விழுந்தா ஃபெவிக்விக் மாதிரி பசையில் பத்து நிமிஷத்தில் ஒட்டிடலாம். பழகுறதுக்கு அதுதான் நல்லதுன்னு சாரே சொல்றார். ஆனா அதுக்கும் நோய் உண்டு. வெயிலில் வச்சா தோல் முதலைத் தோல் மாதிரி கொப்புளிச்சிடும். மோட்டாரைப் பிடிக்கிற பிளாஸ்டிக்கில் மரை சீக்கிரம் தேய்ஞ்சிடும். சீப் சர்வோக்கள் காரணமே இல்லாம நடுங்கும், மலேரியா வந்த மாதிரி. எந்த ப்ளேனா இருந்தாலும் சார் இழுக்காம விட மாட்டார். அது மட்டும் மாறாது.

அந்த வாரம் எங்க ரூம் ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. ஃபயர்வாலில் இருந்த பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அரால்டைட் தடவி நிக்க வச்சோம். உள் மூலைகளில் முக்கோணக் கட்டை. சார் சொன்ன இன்னொரு வித்தைதான் சூப்பர். உடம்பின் பக்கவாட்டிலிருந்து பலகைக்குள்ள சின்ன ஓட்டை போட்டு, எபாக்ஸியில் முக்கின மூங்கில் குச்சியை ஆணி மாதிரி செருகணும். மூங்கில் குச்சிக்கு எங்கே போறது? ஊதுபத்தியை உதிர்த்துட்டுக் குச்சியை எடுத்தோம். எட்டு இடத்தில் செருகினோம். ரூம் ரெண்டு நாள் பிள்ளையார் கோயில் வாசத்தில் இருந்தது. கீல்களுக்கு நீர் மாதிரி ஓடுற சூப்பர் க்ளூவை ஒவ்வொரு சொட்டா விட்டு, காய்ஞ்சதும் இழுத்துப் பார்த்தோம். சர்வோ கம்பியோட நுனிக் கொக்கி கழண்டுக்காம இருக்க, சைக்கிள் வால்வு டியூபை மோதிரம் மாதிரி நறுக்கிப் போட்டோம். இது நம்ம ஊர் ப்ளேன்காரங்க எல்லாரும் பண்றது. இறக்கையைக் கேரம் போர்டில் படுக்க வச்சு, நெளிஞ்ச பக்கத்தை எதிர்ப்பக்கமா முறுக்கிப் பிடிச்சுட்டு, பழைய பனியன் துணியைப் போட்டு அயர்ன் பண்ணினோம். மூணாவது தடவையில் படிஞ்சுது. வார்டன் எட்டிப் பார்த்து, நாங்க இறக்கைக்கு இஸ்திரி போடறதைக் கண்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டார்.

சக்கரக் கட்டையைப் பலப்படுத்த, அடிப்பக்க ஃபிலிமைப் பிளேடால் கீறித் திறந்தோம். உள்ளே மரத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி, ஒரு '7', பக்கத்தில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத கிறுக்கல். இந்தப் பக்கம் முன்னால வரணும்னு யாரோ தனக்கோ பக்கத்து ஆளுக்கோ எழுதி வச்சது. ஒரு நாளைக்கு எத்தனை ப்ளேன் கணக்கோ அவங்களுக்கு? பசை காயறதுக்குள்ள அடுத்ததைக் கையில் கொடுத்திருப்பாங்க. எங்களில் ஒருத்தன் அந்த '7' மேல எபாக்ஸி படாம தள்ளித் தடவினான். யாரும் சொல்லலை, அவனாவே பண்ணினான்.

மொத்தச் செலவு 210 ரூபா. கூடின எடை 38 கிராம். பெரும்பாலும் மூக்கில்தான் கூடியிருக்கு. அதனால பேட்டரியைக் கொஞ்சம் பின்னால தள்ளி, இறக்கையின் முன் ஓரத்திலிருந்து ஏழு சென்ட்டிமீட்டரில் ரெண்டு விரலால் தூக்கினா ப்ளேன் தராசு முள் மாதிரி நேரா நிக்குதான்னு பார்த்துக்கிட்டோம். நிக்குது.

அடுத்த ஞாயிறு. அதே ட்ரெயின், அதே பூக்கார அம்மா. "டி.வி.யை ரிப்பேர் பண்ணிட்டீங்களா?"

சார் கொக்கியை மாட்டினார். நாலு கிலோ. எட்டு. பன்னிரண்டு. பதினஞ்சு வந்ததும் நிறுத்தினார். மூக்கு அசையலை. கீல்களை இழுத்தார், சக்கரத்தை இடமும் வலமும் ஆட்டினார், தலையை ஆட்டினார். முதல் ரவுண்டு அவர்தான் ஓட்டினார். ரன்வேயில் இருபது அடி ஓடி, சிவப்பும் வெள்ளையுமா எழும்பினப்போ எங்க நாலு பேருக்கும் தொண்டையில் என்னமோ அடைச்சுது. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், காலியான ஏரி மேல மட்டும்தான் வட்டம் போட்டார். பையன் சேரில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்துட்டிருந்தான்.

இறக்குற வேலையை எங்க ரூம்மேட் ஒருத்தன்கிட்ட கொடுத்தார். அவன் தரைக்கு நாலடி மேலேயே இறங்கிட்டதா நினைச்சு வேகத்தைக் குறைச்சுட்டான். தொப்! மூணு துள்ளு. சக்கரக் கம்பி கவட்டை மாதிரி விரிஞ்சுடுச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா, கட்டை நின்ன இடத்திலேயே நிக்குது. கம்பியை முட்டியில் வச்சு நிமிர்த்தினா போதும்.

நாங்க குதிச்சோம், பையன் விசில் அடிச்சான். சார் கை தட்டலை. ப்ளேனைத் தூக்கி, மூக்கைப் பிடிச்சு மறுபடி ஒரு இழு இழுத்தார். அப்புறம், காஞ்சிபுரம் பசங்க தூக்கிட்டு வந்திருந்த புதுப் பெட்டிப் பக்கம் சேரைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, "பிளேடு குடு தம்பி" என்றார்.